தீர்மானப் புத்தகம்

மாநில மாநாட்டு விண்ணப்பத்தில் ஒன்பதாவது கட்டம்:
‘உங்கள் மாணவர் மன்றத்தின் சாதனை.
நூறு சொற்களுக்கு மிகாமல்.’
மிகாமலா என்று சிரித்தான் ரஹ்மத்துல்லா.
எங்களுக்குப் பத்துச் சொல்லுக்கே பஞ்சம்.

புதுவயல் அரிசி ஆலைகளின் உமித்தூசி
நூலக மேசையில் தினம் ஒரு தாள் கனத்துக்குப் படியும்.
அதில் விரலால் எழுதி எழுதி அழித்தோம்.
மரம் நட்டது:
நாற்பது கன்று. நாற்பதையும் ஆடு தின்றது.
நிற்கிற வேம்பு தானாக முளைத்தது.
ஹெல்மெட் ஊர்வலம்:
மழை வந்து முக்கோடு திரும்பினோம்.

நான் செயலாளர்.
பேசியதை எழுதுவது என் வேலை.
சிரித்ததை எழுதாதே என்பார் ஸ்டெல்லா டீச்சர்.
எழுதினேன்.

பழைய பக்கங்களைப் புரட்டினாள் சொர்ணவல்லி.
பதினாறில்: ‘பெண்கள் கழிப்பறை, மூன்றாம் கதவு. தாழ்ப்பாள் இல்லை.’
பதினெட்டில் அதே வரி. இருபத்திரண்டில் அதே வரி.
இருபத்தாறில்: ‘பொருத்தப்பட்டது. செலவு நூற்றெண்பது ரூபாய்.
திருகாணி, அடைக்கலம் வீட்டிலிருந்து.’

அந்தப் பத்துப் பக்கங்களுக்கு நடுவே
நான் எழுதாதவை:
காலையிலிருந்து தண்ணீர் குடிக்காத நாட்கள்.
பிரேயரில் சுருண்டு விழுந்த எட்டாம் வகுப்புப் பெண்.
ஒருத்தி உள்ளே போனால் ஒருத்தி கதவைப் பிடிக்க வேண்டும்;
பிடிப்பாளா, விட்டுவிடுவாளா என்று
முந்தின நாள் சண்டையை வைத்துக் கணக்குப் போட வேண்டும்.

“இதையா சென்னையில் போய்ச் சொல்றது?”
தலைவன் வயிரவனுக்குக் காது சிவந்தது.
அவன் கையில் ஏற்கெனவே ஒரு பேச்சு இருந்தது.
யாரோ எழுதிக் கொடுத்தது. செட்டிநாட்டுச் சீமை,
கப்பலில் வந்த பர்மாத் தேக்கு,
ஆளுயரத்துக்கு மேல் ஆளுயரம் நிற்கும் வாசற்கதவு,
அதன் முழ நீளச் சாவி.

“அந்தக் கதவைப் பேசலாம்,
இந்தக் கதவைப் பேசக் கூடாதா?”
என்றாள் சொர்ணவல்லி.
மின்விசிறி மட்டும் கொஞ்ச நேரம் பதில் சொன்னது.

வாக்கெடுப்பு.
ஆதரவு ஆறு. எதிர்ப்பு ஐந்து.
ஐந்தில் ஒரு கை என்னுடையது.
அதையும் எழுதினேன்.
ஏன் என்று எழுத
புத்தகத்தில் கட்டம் இல்லை.

ஒத்திகை, சைக்கிள் ஷெட்டில்.
‘மதிப்பிற்குரிய அவையோரே’ வரைக்கும் கணீரென்று வரும்.
‘கழிப்பறை’ வந்ததும் குரல்
கயிறு அறுந்த வாளியாய் உள்ளே போய்விடும்.
தோற்ற வயிரவன்தான் கடைசி சைக்கிளுக்கு அப்பால் போய் நின்றான்.
“கேக்கல.”
மறுபடி.
“கேக்கல.”
ஆலைச் சங்கு ஊதியது.
அவள் நிறுத்தவில்லை.
அதற்கு மேல் ஏறி ஒலித்தது: தாழ்ப்பாள்.
தலைமையாசிரியர் அறைக்கு வெளியே வந்து பார்த்தார்.
உள்ளே போய்விட்டார்.
“இப்பக் கேக்குது” என்றான் வயிரவன்.

நான்கு பேருக்குத்தான் அனுமதி.
செயலாளர் கட்டாயம் வர வேண்டுமாம், குறிப்பெடுக்க.
விடியுமுன் தவிட்டு மூட்டைகளோடு லோடு ஆட்டோவில் காரைக்குடி.
இஸ்திரி போட்ட சீருடையெல்லாம் பழுப்பு.
ஒருவர் முதுகை ஒருவர் தட்டத் தட்ட
பல்லவன் புறப்பட்டுவிட்டது.

புதுக்கோட்டை தாண்டி எழுந்து போனேன்.
கதவைச் சாத்தினால்
தாழ்ப்பாள் இருந்த இடத்தில் இரண்டு ஓட்டை,
இரண்டிலும் வெளிச்சம்.
திரும்பி வந்து யாரையும் பார்க்காமல் நின்றேன்.
சொர்ணவல்லி தாளை மடித்துக்கொண்டு எழுந்தாள்.
எதுவும் கேட்கவில்லை.

உள்ளிருந்து இரண்டு முறை கூப்பிட்டேன்:
“இருக்கியா?”
வண்டி ஏதோ பாலத்தில் ஏறி இரைந்தது.
இரைச்சலுக்கு மேலே, கதவோடு ஒட்டி,
பேச்சின் மூன்றாவது பத்தியை
உரக்கச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.